சிறிய சதுர ஸ்கார்ஃபைக் கட்டும் விதம்

சிறிய சதுர ஸ்கார்ஃப் கழுத்தில் அழகாக உட்காருமா என்பதை, முடிச்சுப் போடுவதற்கு முன்பே அதன் அளவும் மடிப்பும் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே வாங்கும்போதே ஒரு பக்கத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 55 செ.மீ. பக்கமுள்ள துணியின் மூலைவிட்டம் ஏறக்குறைய 78 செ.மீ. வரும், 34 செ.மீ. சுற்றளவுள்ள கழுத்தைச் சுற்றிய பிறகு இருபுறமும் 22 செ.மீ. மிஞ்சுவதால், ஒரு முடிச்சுக்கும் இரண்டு சிறு வால்களுக்கும் அது தாராளமாகப் போதும். 70 செ.மீ. துணியைக் கழுத்தில் இருமுறை சுற்றலாம். எர்மெஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1937-இல் அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற பட்டுச் சதுரத்தின் பக்கம் 90 செ.மீ. என்பதால், படங்களில் அதைக் கட்டியிருக்கும் விதம் சிறு துணியில் அப்படியே வராது.

மடிப்பை எப்போதும் மூலைவாக்கில் தொடங்க வேண்டும். பாவு நூலின் (நீளவாக்கில் ஓடும் இழை) திசையிலோ ஊடு நூலின் (அகலவாக்கில் ஓடும் இழை) திசையிலோ இழுத்தால் துணி நெகிழாது. குறுக்கே மூலைவாக்கில் இழுத்தால் இளகிக் கொடுக்கும், கழுத்தின் வளைவோடு படிந்தும் நிற்கும். துணியின் உட்புறம் மேலே தெரியும்படி மேசையில் விரித்து, எதிரெதிரான இரண்டு மூலைகளை நடுவில் சந்திக்குமாறு மடியுங்கள். பிறகு இருபக்க விளிம்புகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிப்பதை இருமுறை செய்து, கடைசியாக அந்தப் பட்டையை இரண்டாக மடித்தால் சுமார் 5 செ.மீ. அகலமுள்ள, ஓரங்கள் உள்ளே மறைந்த ஒரு பட்டை கிடைக்கும்.

முடிச்சில்தான் பலருக்கும் பிசகுகிறது. முதலில் வலது முனையை இடதின் மேல் போட்டு அடியில் நுழைத்து இழுங்கள். அடுத்து இப்போது இடப்பக்கம் இருக்கும் முனையை வலதின் மேல் போட்டு அதேபோல் இழுங்கள். இப்படிக் கட்டினால் முடிச்சு தட்டையாகப் படிந்து, வால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரியும். இரண்டாம் முறையும் வலதையே மேலே போட்டுவிட்டால் முடிச்சு திரும்பிக்கொண்டு ஒரு வால் தாடையைக் குத்தும். கட்டி முடித்ததும் முடிச்சைக் காதுக்கு நேர் கீழே நகர்த்திவிடுவது என் வழக்கம், ஏனெனில் நடுவில் நின்றால் சீருடைச் சாயல் வந்துவிடுகிறது. காலர் வைத்த சட்டையானால் மேல் பொத்தான் இரண்டைத் திறந்து, பட்டையைக் காலருக்குள் செலுத்தி, முனைகளைச் சட்டைக்குள் விட்டுவிடலாம். வட்டக் கழுத்துக் குர்தாவுடன் கட்டும்போது சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள்; ஜிமிக்கி மட்டும் இருந்தாலே போதும்.

45 செ.மீ. துணி கழுத்துக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் குதிரைவாலுக்கு மிகப் பொருத்தம். முடியை முதலில் ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு அதன்மேல் இதைச் சுற்ற வேண்டும், இல்லையேல் பட்டு வழுக்கி இறங்கிவிடும். கைப்பையின் பிடியில் சாய்வாகச் சுற்றி முனைகளை முடிந்துவிட்டால், கை வியர்வையால் பிடியின் தோல் கறுப்பதும் குறையும். இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள் வால்களை வெளியே பறக்க விடாமல் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குப் பட்டுத் துணியை விடப் பருத்தியையே நான் பரிந்துரைப்பேன். வியர்வைக் கறை பட்டில் எளிதில் போவதில்லை. நான் அதிகம் கட்டுவது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்து மென்மையான அந்தத் துணி எந்த முடிச்சுக்கும் இணங்குகிறது; நூலால் கட்டிச் சாயத்தில் தோய்த்த இடங்களில் நின்ற வெள்ளைப் புள்ளிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், ஒவ்வொரு மடிப்பிலும் வேறுவிதமாகத் தெரிகின்றன. தலையிலோ கழுத்திலோ கட்டும் சதுரத் துணிக்கு வழங்கும் ‘பந்தனா’ என்ற பெயரே, கட்டிச் சாயமிடும் இந்த முறையைக் குறிக்கும் இந்தியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். உங்கள் வீட்டுச் சேலையில் கிழியாத பகுதியாகப் பார்த்து 57 செ.மீ. சதுரம் வெட்டி, நான்கு பக்கமும் 1 செ.மீ. உள்ளே சுருட்டிக் கையாலேயே ஹெம்மிங் செய்யுங்கள். ஓவர்லாக் (இழை பிரியாதபடி இயந்திரத்தால் ஓரம் தைப்பது) அடித்த ஓரம் விறைத்து முடிச்சிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். கையால் சுருட்டிய ஓரமோ உருண்டு மெத்தென்று இருக்கும், அதை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தட்டையாக்கிவிடாதீர்கள்.