மெலிந்த குழந்தையின் வீட்டில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

வறுமை, நோய், புறக்கணிப்பு ஆகிய மூன்றும் எடைக் கருவியில் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே மெலிந்த குழந்தையைக் கண்டதும் பெற்றோரைக் குற்றம் சொல்லத் தொடங்காமல், அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, இரு பாதங்களிலும் அழுத்திய இடத்தில் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அப்போது விசாரணையை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்து, வளர்ச்சி அட்டவணையில் கோடு எந்த மாதத்தில் சரியத் தொடங்கியது என்று பாருங்கள். தாய்ப்பாலோடு இணை உணவும் தொடங்க வேண்டிய ஆறாம் மாதமா, வயிற்றுப்போக்கு வந்த மாதமா, தாய் மீண்டும் வேலைக்குப் போன மாதமா, அடுத்த குழந்தை பிறந்த மாதமா என்பது தெரிந்தால் பாதிக் காரணம் விளங்கிவிடும்.

வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் செல்லுங்கள். மற்ற நேரத்தில் கேட்டால் எல்லா வீட்டிலும் குழந்தை நன்றாகத்தான் சாப்பிடுகிறது. ஊட்டுவது யார், தட்டு தனியாக இருக்கிறதா, குழந்தை முகத்தைத் திருப்பும்போது ஊட்டுபவர் பொறுத்திருக்கிறாரா, எடுத்துவைத்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். சத்துக் குறைந்த குழந்தைக்கோ அழவும் தெம்பிருக்காது. அது சோர்ந்து கிடப்பதைச் சமத்து என்று எண்ணி வீட்டார் இன்னும் குறைவாகக் கவனிக்க, பசி புறக்கணிப்பையும் புறக்கணிப்பு பசியையும் வளர்க்கின்றன.

இதனால் சத்துமாவு கொடுப்பதோடு நிறுத்தக் கூடாது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சத்துணவின் பயன் காலப்போக்கில் மங்கியது. வாரந்தோறும் வீட்டுக்கு வந்து, தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்ததன் பயனோ அக்குழந்தைகள் பெரியவர்களான பிறகும் தெரிந்தது. ஆகவே ஊட்டும்போது பேசவும், பாத்திரம், மூடி போன்றவற்றைக் கொண்டு விளையாட்டுக் காட்டவும் தாய்க்குச் செய்து காட்டுங்கள்.

வீட்டில் உணவிருந்தும் இந்த ஒரு குழந்தை மட்டும் தேய்வது, சிகிச்சைக்கு வழி இருந்தும் மறுப்பது, குழந்தையைத் தனியே பூட்டிவிட்டுச் செல்வது, விளக்கமில்லாத காயங்கள் ஆகியவை புறக்கணிப்பைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள். அப்போதும் நாள்பட்ட நோய் இல்லை என்பதை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். தாயின் மனச்சோர்வையும் தந்தையின் குடியையும் விசாரிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தண்டிப்பது வேண்டுமென்றே செய்யும் புறக்கணிப்பை. கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையை அதனோடு சேர்க்கலாகாது என்பது என் கருத்து. ஆனால் குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

பதிவேட்டில் ‘அக்கறையற்ற தாய்’ என்று எழுதாமல், கண்டதை நாளும் நேரமும் இட்டு எழுதுங்கள். புகார் அளித்த பிறகும் அந்த வீட்டுக்குச் செல்வதையும் எடை பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம்.