டோக்கியோ – கனசாவா – கியோட்டோ – ஒசாகா: முதல் ஜப்பான் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஜப்பான் பயணம் என்று இணையத்தில் தேடினால் வந்து விழும் குறிப்புகளில் பல இன்று செல்லாது. 2023 அக்டோபருக்கும் 2024 ஏப்ரலுக்கும் நடுவில் ரயில் பாஸ் விலை, ஒரு முக்கியமான ரயில் தடம், கியோட்டோ பஸ் பாஸ், இந்தியர்களுக்கான விசா முறை என எல்லாமே மாறிவிட்டன. எதைப் படித்தாலும் முதலில் எழுதிய தேதியைப் பாருங்கள். என் பதிவுக்கும் அது பொருந்தும்.

படி 1: போன வழியே திரும்பாதீர்கள்

டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவுக்குப் பக்கத்திலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புவது போல டிக்கெட் எடுங்கள். தேடும்போது 'ரிட்டர்ன்' வேண்டாம், 'மல்டி சிட்டி' போடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நாளில் டோக்கியோவுக்குத் திரும்புவதற்கென்றே சுமார் 14,000 யென் கொடுத்து புல்லட் ரயில் ஏற வேண்டியிருக்கும்.

டோக்கியோவில் நான்கு இரவு, கனசாவாவில் இரண்டு, கியோட்டோவில் நான்கு, ஒசாகாவில் இரண்டு. முதல் முறைக்கு இதுவே தாராளம். கனசாவாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கென்ரோகுஎன் தோட்டம், பழைய சாமுராய் தெருக்கள், ஓமிச்சோ மீன் சந்தை எல்லாம் அவசரமில்லாமல் பார்க்கலாம். ஜப்பானின் தங்க ரேக்கு பெரும்பாலும் இந்த ஊரில்தான் தயாராகிறது. ஐஸ்கிரீம் மேல்கூட ஒட்டித் தருவார்கள். ருசி என்று எதுவும் இல்லை, படத்துக்கு நன்றாக இருக்கும்.

நாராவுக்குத் தனியாக அறை போட வேண்டாம். கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேரம்தான். அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. நாராவில் சுற்றித் திரியும் மான்களுக்கு பிஸ்கட் கொடுக்கும் மும்முரத்தில் அந்தப் புத்தரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரையும், ஆகஸ்ட் நடுவிலும் ஜப்பானே ஊருக்குக் கிளம்பும். அந்த நாட்களைத் தவிருங்கள்.

படி 2: விசா

எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று ஒரு அட்டவணை கேட்பார்கள். அதனால் ரத்து செய்யக்கூடிய அறைகளை முதலில் போட்டுவிடுங்கள். 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு மின்-விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டித் தர மாட்டார்கள்.

படி 3: ரயில் (இங்கே கொஞ்சம் நிதானம்)

'ஜேஆர் பாஸ் (நாடு முழுக்க ஜேஆர் ரயில்களில் சுற்றுவதற்கான பாஸ்) கட்டாயம் வாங்குங்கள்' என்று சொல்லும் பதிவை அப்படியே மூடிவிடுங்கள். ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. நம் வழியில் டோக்கியோ–கனசாவா சுமார் 14,000 யென். அங்கிருந்து கியோட்டோவையும் சேர்த்தால்கூட 25,000-ஐத் தொடாது. தனித்தனி டிக்கெட்டே லாபம்.

எல்லாரும் சொல்கிற ஸ்மார்ட்-இஎக்ஸ் என்ற டிக்கெட் செயலி டோக்கியோ–ஒசாகா நேர்தடத்துக்கு அருமை, ஆனால் கனசாவா அதில் வராது. அந்த டிக்கெட்டை ஜேஆர் கிழக்கு நிறுவனத்தின் தளத்தில் எடுக்கலாம். எனக்கு ஸ்டேஷன் கவுன்டர்தான் பிடிக்கும். தேதி, ரயில், ஊர் மூன்றையும் தாளில் எழுதி நீட்டினால் ஜன்னலோர இருக்கையாகவே டிக்கெட் அடித்துத் தருவார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும்.

அடுத்தது கனசாவா–கியோட்டோ. என்னை அதிகம் குழப்பியது இந்தப் பகுதிதான். 'தண்டர்பேர்ட் ரயிலில் ஏறினால் நேராகக் கியோட்டோ' என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2024 மார்ச் 16-இல் புல்லட் ரயில் கனசாவாவைத் தாண்டி, கியோட்டோ போகும் வழியிலுள்ள சுருகா வரை நீண்டதும் தண்டர்பேர்ட் சுருகாவோடு நின்றுவிட்டது. இப்போது கனசாவாவிலிருந்து சுருகா வரை புல்லட் ரயில், அங்கே மாறி தண்டர்பேர்ட். மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து நிமிடம்கூட இருக்காது. புல்லட் ரயில் மூன்றாவது மாடியில் நிற்கும், தண்டர்பேர்ட் தரைத்தளத்தில். நடுவில் இரண்டாவது மாடியில் கேட். கையிலிருக்கும் சீட்டுகளையெல்லாம் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் நுழைக்க வேண்டும். ஒவ்வொன்றாக விட்டால் கேட் திறக்காது, பின்னால் கூட்டம் சேரும். அடுத்த ரயிலுக்குத் தேவைப்படுகிற சீட்டு மறுமுனையில் வெளியே வரும், மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: பெட்டியைத் தனியாக அனுப்புங்கள்

அந்தப் பத்து நிமிடத்தில் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் 'தக்கியூபின்' என்று சொன்னால் படிவம் தருவார்கள். கியோட்டோ ஹோட்டலின் முகவரி, நீங்கள் போய்ச் சேரும் தேதி, எந்தப் பெயரில் அறை போட்டீர்களோ அதே பெயர், மூன்றையும் எழுதுங்கள். பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் ஆகும். கனசாவாவுக்குத் தோள்பை போதும். பாஸ்போர்ட்டும் பணமும் கையில் இருக்கட்டும்.

படி 5: உள்ளூர்ப் பயணம்

பணம் போட்டு வைத்து, வாசலில் தட்டிப் போகும் சுய்க்கா கார்டு ஒன்று போதும். ஆனால் டோக்கியோவில் தட்டி உள்ளே போய் கியோட்டோவில் தட்டி வெளியே வர முடியாது, அது நகரத்துக்குள் சுற்றுவதற்கு. கியோட்டோவில் பஸ்ஸுக்கு மட்டுமான ஒருநாள் பாஸ் இப்போது இல்லை. பஸ்ஸும் சுரங்க ரயிலும் சேர்ந்த பாஸ்தான், 1,100 யென். வழி பார்க்க கூகுள் மேப்ஸே போதும், எந்த வாசலில் வெளியேற வேண்டும் என்பதுவரை சொல்லும்.

பின்சேர்க்கை (கருத்துகளில் வந்த கேள்விகள்)

*சைவம் கிடைக்குமா?* 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. மிசோ சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, முட்டை ரோல் எல்லாவற்றுக்கும் அடிப்படை 'தாஷி'. பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு அது. 'தாஷியில் மீன் இருக்கிறதா?' என்பதை ஜப்பானிய மொழியில் போனில் சேமித்து வைத்துக் காட்டுங்கள். டோக்கியோ ஸ்டேஷனுக்குள் டீஸ் டான்டான் என்ற கடையில் மீனோ இறைச்சியோ சேராத ராமென் நூடுல்ஸ் கிடைக்கும். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருப்பதால் கனசாவா ரயில் ஏறும் நாளுக்குத் தோது. இட்லி தோசை ஏக்கம் வந்தால், இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷிகசாய் பக்கம் போய்ப் பாருங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஜப்பானியக் கறி சாதத்தை விசாரிக்காமல் வாங்க வேண்டாம்.

*மின்-விசாவை பிரின்ட் எடுத்தால் போதுமா?* போதாது. ஸ்கிரீன்ஷாட்டும் பிடிஎஃப்பும்கூட ஏற்க மாட்டார்கள். விமான நிலையத்தில் இணையத்தில் உள்நுழைந்து நேரடியாக அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். மாறும் விமானம் என்றால் இடையில் இறங்கும் ஊரிலும் கேட்கலாம், அங்கேயும் டேட்டா வேலை செய்யும்படி சிம்மை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.