ஐந்தாவது ஆட்டத்துக்கு முன் அணியை விட்டு விலகுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரியில் அந்நாட்டுக் கால்பந்து ஆடும் பேரன், பருவத்தின் நடுவே விலகப்போவதாகக் காரைக்குடிக்குத் தொலைபேசியில் சொன்னால், ஐயாவும் அப்பத்தாவும் பதறுவதற்கு முன் அவன் களமிறங்கிய ஆட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 2018இல் கொண்டுவந்த விதிப்படி, அதன் உயர்மட்டமான முதல் பிரிவில் நான்கு ஆட்டங்கள் வரை ஆடியவர் அந்தப் பருவத்தை, தான் ஆட அனுமதியுள்ள பருவங்களின் கணக்கில் சேராமல் சேமித்துக்கொள்ளலாம்; ஐந்தாவதில் ஒரே ஒரு உதைக்காக இறங்கினாலும் பருவம் செலவாகிவிடும். ஆகவே கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன் பேரேடு எழுதுவதுபோல, தேதி, எதிரணி, இறங்கிய நிமிடம் என ஒவ்வொன்றையும் குறித்துவைத்து, கல்லூரியின் விதி அலுவலரிடம் ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பயிற்சியாளரிடம் பேச வேண்டும்.

விலகினால் உடனே வேறு கல்லூரிக்கு மாறிவிட முடியாது. மாற விரும்பும் வீரர்களுக்கான மாற்றப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை வகுப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் மாணவர் விசாவே முழுநேரப் படிப்பை நம்பித்தான் நிற்கிறது. உதவித்தொகை தொடருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.