பழைய ஹாலிவுட் போஸ்டர் அசலா, போலியா: வீட்டிலேயே செய்யும் சோதனைகள்

அமெரிக்கத் திரையரங்குகளில் ஒட்டுவதற்காக 1930களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அச்சான ‘ஒன் ஷீட்’ போஸ்டர்களுக்கான செய்முறை இது. முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: கீழே உள்ள எந்தச் சோதனையும் தனியாக ஒரு போஸ்டரை அசல் என்று நிரூபிக்காது. போலியைக் கழித்துக்கட்டத்தான் உதவும். எல்லாவற்றிலும் தேறினால்தான் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கருவிகள்

அளவு டேப், நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி), 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) டார்ச். 60 மடங்கு என்று விற்கும் மலிவு லென்ஸ் வேண்டாம். கை நடுங்கினாலே இடம் தவறிவிடும். யூவி டார்ச்சில் 395 நானோமீட்டர் வாங்கவே வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் ஊதா வெளிச்சம் காகிதத்தில் பட்டுத் திரும்புவதைப் பார்த்து, காகிதமே ஒளிர்வதாக நினைத்துவிடுவோம்.

படி 1: அளவு

1980களின் நடுப்பகுதி வரை ஒன் ஷீட் 27×41 அங்குலம். அதன்பின் 27×40. 1955 படத்தின் போஸ்டர் 24×36 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அது அலங்காரத்துக்கு விற்கும் மறுபதிப்பின் அளவு. கால் அங்குலம் கூடக் குறைய இருப்பது சகஜம்.

படி 2: மடிப்பு

1980களின் தொடக்கம் வரை பெரும்பாலான ஒன் ஷீட்கள் மடித்தே அனுப்பப்பட்டன. குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று, மொத்தம் எட்டுக் கட்டங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிஜ மடிப்பு மேடும் பள்ளமுமாகத் தெரியும், பின்புறத்திலும் தடம் இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த போலியில் மடிப்பின் வெள்ளைக் கோடும் அச்சாகியிருக்கும். விரலால் தடவினால் வழவழ என்றிருக்கும். மடிப்பே இல்லாததால் மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சுருட்டியே வைத்திருந்த அசல்களும் உண்டு.

படி 3: கீழ் ஓரம்

1940 வாக்கிலிருந்து பல ஸ்டுடியோக்களின் போஸ்டர்களை நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் விநியோகித்தது. கீழே வலது மூலையில் சாய்கோட்டுடன் ஓர் எண் இருக்கும். 62 என்று தொடங்கினால் 1962ஆம் ஆண்டு வெளியீடு. அந்த எண்ணுக்கு முன்னால் ‘ஆர்’ (R) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு. மறுவெளியீட்டுப் போஸ்டர் போலி அல்ல, ஆனால் முதல் வெளியீட்டின் விலைக்கு வாங்கக் கூடாது. அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தோ, ஓரத்தை நறுக்கியோ விற்பவர்கள் உண்டு. மூலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுரண்டிய இடத்தில் காகிதம் மெலிந்து கூடுதல் ஒளி கசியும். இந்த எண் எல்லாப் போஸ்டரிலும் இருக்காது.

படி 4: லூப் சோதனை

நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. லூப்பை எடுத்ததும் நடிகரின் முகத்தில் வைக்கிறார்கள். புள்ளிகள் தெரிகின்றன, போலி என்று முடிவு செய்கிறார்கள். ஆஃப்செட்டில் (தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகக் காகிதத்தில் அச்சிடும் முறை) அச்சான அசலிலும் படம் புள்ளிகளால்தான் ஆகியிருக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கும் ஒழுங்கான இடைவெளியில் சிறு வட்டங்களாகக் கூடி நிற்கும்.

லூப் வைக்க வேண்டிய இடம் எழுத்து. கீழே பொடியாக இருக்கும் கறுப்புப் பெயர்வரிசையையும் அச்சகத் தொழிற்சங்க முத்திரையையும் பாருங்கள். அசலில் எழுத்தைப் புள்ளிகளாக உடைக்காமல் முழு வடிவமாகவே தகட்டில் ஏற்றியிருப்பார்கள். கறுப்பு முழுதாக நிரம்பி, விளிம்பு கத்தரித்தது போல் நிற்கும். போலியில் முழுப் போஸ்டரையும் ஒரே படமாக ஸ்கேன் செய்வதால் எழுத்தும் புள்ளிகளாக உடையும், விளிம்பு கசங்கும், கறுப்புக்குள் மற்ற மூன்று நிறங்களும் எட்டிப் பார்க்கும். படத்தில் ஒரு புள்ளி வரிசைமேல் இன்னொன்று ஏறி அலையலையாகத் தெரிந்தால், அது அச்சானதைப் பார்த்து மறுபடி அச்சிட்டது. புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவியது போல் கிடந்தால் இங்க்ஜெட். வண்ண எழுத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்; வெளிர் நிறம் வேண்டி அசலிலேயே அதைப் புள்ளியாக அடித்திருக்கலாம்.

கண் பழக ஒரு வழி: வீட்டில் இருக்கும் சிவகாசி நாள்காட்டியில் சாமி படத்தையும் கீழே உள்ள கடைப் பெயரையும் லூப்பில் பாருங்கள். பிறகு அதை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் அடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

1930களின் போஸ்டர்களுக்குக் கணக்கே வேறு. அவற்றில் பல கல் அச்சு முறையில் வந்தவை. லூப்பில் ஒழுங்கற்ற பொடிமணிகள்தான் தெரியும். அக்காலத்து லாபி கார்டுகள் (திரையரங்கின் முகப்புக் கூடத்தில் வைக்கும் சிறு விளம்பர அட்டைகள்) பெரும்பாலும் போட்டோ ஜெலட்டின் முறை, அதாவது ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து அச்சிடுவது. அவற்றிலும் ஒழுங்கான புள்ளிக் கட்டம் இருக்காது. கல் அச்சு என்று விற்கும் 1932 போஸ்டரில் நான்கு வண்ணப் புள்ளிகள் வரிசைகட்டி நின்றால் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 5: யூவி

அறையை நன்றாக இருட்டாக்குங்கள். இன்றைய பிரிண்டர் தாள் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அது நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிரும். காகிதத்தில் இந்த வெண்மையூட்டும் ரசாயனம் கலப்பது சுமார் 1950க்குப் பிறகுதான் பரவியது. ஆகவே 1940களின் போஸ்டர் அதே போல் ஒளிர்ந்தால் காகிதம் பிற்காலத்தது. ஒளிராவிட்டால் நிம்மதி அடைய வேண்டாம், பழைய தாளில் புதிதாக அச்சிடுவதும் நடக்கிறது. 1950க்குப் பிந்தைய போஸ்டர்களுக்கு இந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை.

பிற்சேர்க்கை: துணி ஒட்டிய போஸ்டர்கள்

துணியில் ஒட்டிப் பாதுகாத்தவற்றைப் பற்றிக் கேள்விகள் வந்ததால் இதைச் சேர்க்கிறேன். துணி ஒட்டுவது நல்ல பாதுகாப்பு முறைதான். ஆனால் பின்புறம் மறைந்துவிடுகிறது, மடிப்பும் சமனாகிவிடுகிறது, போலி செய்பவருக்கு அது வசதி. அளக்கும்போது துணியை விட்டுக் காகிதத்தை மட்டும் அளக்கவும். யூவியில் துணியும் திருத்திய வண்ணமும் ஒளிரலாம் என்பதால் திருத்தம் இல்லாத வெள்ளை ஓரத்தையே பாருங்கள். ஒட்டுவதற்கு முன் எடுத்த இருபுறப் படங்களை விற்பவரிடம் கேளுங்கள். விலை உயர்ந்த போஸ்டருக்கு அவை இல்லையென்றால் நான் வாங்கமாட்டேன்.

போலி என்று உறுதியானால், பணம் திரும்பக் கேட்பதற்கு முன் எழுத்தின் லூப் படம், அளவு டேப் வைத்த படம், யூவி படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களிடமே தங்கிவிட்டால், பின்புறம் அழியாத மையில் ‘நகல்’ என்று பெரிதாக எழுதுங்கள். அடுத்து யார் கைக்குப் போனாலும் தெரிய வேண்டும்.