மரை வெட்டும் ஜிக்: நம்பி வேலையில் இறக்கும் முன்

துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப்பைக் கையால் போடும்போது மரை சாய்வது முதல் இரண்டு மூன்று சுற்றுகளில்தான். பிறகு டேப், தான் வெட்டிய மரையைப் பிடித்துக்கொண்டே இறங்கும். நிமிர்த்தப் பார்த்தால் ஒடியும். அந்தச் சில சுற்றுகளுக்கு டேப்பை ஆடாமல் பிடிப்பதுதான் ஜிக்கின் வேலை. பளபளப்பையும் கூட வரும் பெட்டியையும் நான் பார்ப்பதில்லை.

ஆட்டத்தை, அதாவது ஜிக்கின் துளைக்கும் டேப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியை, முதலில் பார்க்கிறேன். வழிகாட்டும் துளையின் நீளம் 20 மி.மீ., ஆட்டம் 0.1 மி.மீ. என்றால் டேப் 0.3 டிகிரி அளவுக்குச் சாயலாம். அந்த மரையில் திருகிய 100 மி.மீ. ராடின் நுனியில் அது அரை மி.மீ. மூடி இறுக்கும் திருகுக்குப் பரவாயில்லை, நீளமான ராடுக்கு ஆகாது. இதை உங்கள் சொந்த டேப்பை மாட்டியே பாருங்கள். எம்8 (8 மி.மீ. மரை) டேப்பின் தண்டு, டின் 352 என்ற ஜெர்மன் தர அளவில் 6 மி.மீ., ஐஎஸ்ஓ 529 என்ற சர்வதேசத் தர அளவில் 8 மி.மீ. தண்டைப் பிடிக்கும் ஜிக்கில் ஒன்று கச்சிதமாக உட்காரும், இன்னொன்று உட்காராது.

அடுத்து சோதனைத் துண்டு. 12 மி.மீ. அலுமினியத்தில் 5 மி.மீ. துளை போட்டு, மண்ணெண்ணெய் விட்டு எம்6 மரை வெட்டுங்கள். நீள போல்ட் ஒன்றைத் திருகி, மூலைமட்டத்தை ஒரு பக்கமும் அதற்குக் குறுக்கே மறுபக்கமும் வைத்துப் பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். போல்ட் மரைக்குள் கொஞ்சம் அசையும். அந்த அசைவின் நடுநிலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நட் போட்டு இறுக்கினால் அது போல்ட்டை நிமிர்த்தி இழுத்து, சாய்வை மறைத்துவிடும்.

சாய்வு தெரிந்தால் உடனே ஜிக்கைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஜிக்கை அரைவட்டம் திருப்பி வைத்து இன்னொரு துளையில் வெட்டுங்கள். சாய்வும் எதிர்த்திசைக்குப் போனால் ஜிக்கில்தான் கோளாறு. முன்பு சாய்ந்த பக்கமே சாய்ந்தால் ட்ரில் மேசையைச் சரிபாருங்கள். துளையே கோணலாக இருந்தால் எந்த ஜிக்கும் காப்பாற்றாது.

டேப்பைப் பிடித்திருக்கும் ஜிக்கின் தண்டும் கூடவே இறங்கும் வகை என்றால் இன்னொன்று: எம்6 டேப் சுற்றுக்கு 1 மி.மீ. இறங்கும். தண்டு அதோடு தடையின்றி இறங்க வேண்டும். இறுகி நின்றால் முதல் மரைகள் பிய்ந்துவிடும். எண்ணெய் போட்டும் இளகாத ஜிக்கை நான் வேலையில் சேர்ப்பதில்லை.