மூன்று கவுன்சில், ஒரே கொடி: ஐரோப்பியச் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பழைய ஏஜென்சி செய்தி ஒன்றைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்வேன். 2022 மார்ச் 16-ஆம் தேதிச் செய்தி. போன வாரம் வந்த இருவருமே ஒரே தலைப்பு வைத்தார்கள்: ‘ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ரஷ்யா நீக்கம்’. “ரஷ்யா அதில் எப்போப்பா சேர்ந்தது?” என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வருடம் ஜூனில் நான் செய்தது இதைவிட மோசம்.

பெயர்களை எப்படி எழுதுவது, யூரோவை ரூபாயாக்குவது எப்படி என்பதெல்லாம் பத்து நாளில் தானாக வந்துவிடும். வராதவற்றை மட்டும் சொல்கிறேன்.

கவுன்சில் என்றால் எந்தக் கவுன்சில்?

ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளின் அதிபர்களும் பிரதமர்களும் கூடுவது. போகும் திசையைத் தீர்மானிப்பார்கள். சட்டம் இயற்ற மாட்டார்கள். இரண்டாவது, துறை அமைச்சர்கள் கூடுவது. மீன் என்றால் மீன்வள அமைச்சர்கள், வரி என்றால் நிதி அமைச்சர்கள். சட்டத்துக்குக் கை தூக்குவது இவர்கள்தான். மூன்றாவதுக்கும் ஒன்றியத்துக்கும் சம்பந்தமே இல்லை. 1949-இல் தொடங்கிய, இன்று 46 நாடுகள் இருக்கும் தனி அமைப்பு அது. மனித உரிமைதான் அதன் முக்கிய வேலை. ரஷ்யாவை வெளியேற்றியது இதுதான்.

ஆங்கிலத்தில் முதலாவது European Council, மூன்றாவது Council of Europe என்று சொற்களின் வரிசையாவது மாறும். தமிழில் முதலாவதும் மூன்றாவதும் ‘ஐரோப்பிய கவுன்சில்’ என்றே வந்து நிற்கும். போதாக்குறைக்கு, நீலத்தில் பன்னிரண்டு நட்சத்திரம் போட்ட அந்தக் கொடியே மூன்றாவது அமைப்பு 1955-இல் ஏற்றுக்கொண்டதுதான். ஒன்றியம் பிறகுதான் அதை எடுத்துக்கொண்டது. படத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

என் கதைக்கு வருகிறேன். விளையாட்டுப் பக்கத்திலிருந்து மாறி வந்த புதிது. 2022 ஜூன் 14 இரவு, அகதிகளை ருவாண்டாவுக்கு ஏற்றிச் செல்லவிருந்த பிரிட்டன் விமானம், ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் குறுக்கிட்டதால் கிளம்பாமல் நின்றது. பக்கம் முடிக்கும் அவசரத்தில் ‘ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தடை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலையில் ஒரு வாசகர், ஓய்வு பெற்ற ஆசிரியர், போன் செய்தார். “தம்பி, பிரிட்டன்தான் 2020-லயே ஒன்றியத்தை விட்டு வந்துடுச்சே. அவங்க கோர்ட்டு எப்படி இவங்க விமானத்தை நிறுத்தும்?” பழைய ஒப்பந்தம், இடைக்கால ஏற்பாடு என்று ஏதோ சமாளித்தேன். போனை வைத்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். அந்த நீதிமன்றம் மூன்றாவது அமைப்புடையது. பிரிட்டன் இன்றும் அதில் உறுப்பினர். ஒன்றியத்தின் நீதிமன்றம் இருப்பது லக்ஸம்பர்க்கில். மறுநாள் உள்பக்கத்தில் தீப்பெட்டி அளவில் திருத்தம் போட்டோம். தவறு வந்தது முதல் பக்கத்தில்.

அன்றிலிருந்து பெயரையே எழுதுவதில்லை. ‘தலைவர்கள் உச்சி மாநாடு’, ‘அமைச்சர்கள் கவுன்சில்’, ‘46 நாடுகளின் மனித உரிமை அமைப்பு’ என்று யார் கூடினார்கள் என்பதையே எழுதுகிறேன். இடம் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்கட்டும்.

முன்மொழிவு சட்டமாகிவிடாது

சட்ட வரைவை முன்வைப்பது ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்றமும் அமைச்சர்கள் கவுன்சிலும் அதைத் திருத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் வரைவு வந்தது 2021 ஏப்ரலில். நடைமுறைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 1-இல். அதுவும் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் அல்ல.

‘ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிபர்’

அப்படி ஒருவர் இல்லை.

ஷெங்கன், யூரோ, ஒன்றியம்

மூன்றும் வேறு. ஷெங்கன் என்பது எல்லையில் பாஸ்போர்ட் சோதனை இல்லாமல் போய்வரும் நாடுகளின் பகுதி. அயர்லாந்தில் யூரோ உண்டு, ஷெங்கன் கிடையாது.

ஒரு நாடு எதிர்த்தால் போச்சா?

பெரும்பாலான சட்டங்களுக்கு 15 நாடுகள் ஆதரித்து, அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 சதவீதம் இருந்தால் போதும். வெளியுறவு, வரி, புதிய உறுப்பினர் போன்றவற்றுக்குத்தான் ஒருமனம் வேண்டும். அதிலும் வழி உண்டு. உக்ரைனுடன் உறுப்பினர் பேச்சு தொடங்குவது பற்றி 2023 டிசம்பர் 14 அன்று முடிவெடுத்தபோது, எதிர்த்து வந்த ஹங்கேரி பிரதமர் விக்டர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போனார். மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். உக்ரைனுக்கு 5,000 கோடி யூரோ உதவி என்ற பேச்சு வந்தபோது மட்டும் அதே கூட்டத்தில் முடியாது என்றுவிட்டார். அது பிப்ரவரி 1 வரை இழுத்தது.