முகட்டு நெடுங்கால் சிலந்தி: பெயர் சொல்லுமுன் விடக்கூடாத பிழைகள்

வன்னியில் எந்த வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தாலும் அது இருக்கும். கிடுகுக் கொட்டில், ஓட்டு வீடு, கக்கூசு, நெல் மூட்டை அடுக்கிய அறை, எதையும் விடாது. மூலையில் ஒழுங்கில்லாத ஒரு வலை, அதில் நூல் போன்ற கால்களோடு தலைகீழாகத் தொங்கும் சாம்பல் நிறச் சிலந்தி. வலையைத் தொட்டால் உடம்பைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டும். அந்த வேகத்தில் உருவமே கண்ணுக்குப் பிடிபடாது.

ஃபொல்சிடே குடும்பத்தைச் சேர்ந்த சிலந்தி இது. எங்கள் வீடுகளில் காண்பது பெரும்பாலும் குரொசோப்ரைசா லையோனி என்ற இனம். அந்தப் 'பெரும்பாலும்' எப்போது 'நிச்சயமாக' ஆகும் என்பதில்தான் பிள்ளைகள் பிழை விடுகிறார்கள். "சேர், இதென்ன சிலந்தி?" என்று எனக்கு வருகிற படங்களில் அரைவாசிக்கு மேல் ஒரே கோணத்தில் எடுத்தவை. கீழே நின்று முகட்டை நோக்கி எடுத்த படத்தில் இந்த இனத்தின் முக்கிய அடையாளம் தெரியவே தெரியாது.

அந்த அடையாளம் வயிற்றில் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உருண்டையாக இல்லாமல் மூலை வைத்த பெட்டிபோல் இருக்கும். பின்புறம், முதுகுப் பக்கமாக, ஒரு கூம்பு தள்ளிக்கொண்டு நிற்கும். இரவில் குசினிச் சுவரோரம் ஒரு டோர்ச்சைப் பக்கத்திலிருந்து பிடித்துப் பாருங்கள். கூம்பின் விளிம்பும், வயிற்றின் இரு பக்கத்திலும் உள்ள வெள்ளைத் திட்டுகளும், கால் மூட்டுகளில் கபில நிறத்தை ஒட்டி வருகிற வெளிர் வளையமும் ஒவ்வொன்றாகத் தெரியவரும். எந்தக் கைபேசியாலும் அதைப் படமெடுக்கலாம், பக்கவாட்டில் நின்றால் போதும்.

இங்கேயே இன்னொரு பிழையும் காத்திருக்கிறது. சிலந்தி தலைகீழாகத் தொங்குவதால் முதுகு நிலத்தைப் பார்த்திருக்கும், கூம்பும் கீழ்நோக்கி இருக்கும். அதைப் பார்த்து "வயிற்றின் அடியில் கூர் உள்ளது" என்று குறிப்பில் எழுதிவிடுகிறார்கள். வாசிக்கிறவர் அப்படி ஒரு சிலந்தியைத் தேடித் தேடிக் களைத்துப்போவார். மேல், கீழ் என்று எழுதாமல் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்று எழுதுங்கள். சிலந்தி எப்படித் தொங்கினாலும் அது மாறாது.

இணையத்தில் தேடிப் படத்தோடு படம் ஒப்பிடுவது அடுத்த பிழை. முதலில் வந்து நிற்பது ஐரோப்பிய வீடுகளின் ஃபொல்கஸ் ஃபலஞ்ஜியோயிடஸ். அதன் வயிறு வெளிறிய நீள் உருளை, கூம்பு கிடையாது. மனிதரோடு சேர்ந்து வெப்பநாடுகளில் பரவிய வேறு இனங்களும் உண்டு. ஸ்மெரிங்கோபஸ் பலிடஸ் நீள வயிறும் கருங்கோலமும் கொண்டது. ஆர்ட்டெமா அட்லாண்டா உருண்டு திரண்ட பெரிய உடம்புக்காரி.

தாடையில் முட்டையைக் கவ்விக்கொண்டு நின்றால் அது இந்தச் சிலந்திதான் என்று முடிவெடுப்பதும் பிழை. வீட்டுக்குள் வாழும் ஸ்கைட்டோடஸ் என்ற துப்பும் சிலந்தியும் அப்படித்தான் முட்டையைச் சுமக்கும். ஆனால் அதன் முன்னுடல் குவிந்து உயர்ந்திருக்கும், கண்கள் ஆறு. குரொசோப்ரைசாவுக்கு எட்டுக் கண்கள்: பக்கத்துக்கு மூன்றாக இரண்டு கூட்டம், நடுவே சின்னதாக ஒரு சோடி. அதன் முட்டைக் கட்டைச் சுற்றி நாலைந்து நூல் மட்டும் ஓடுவதால், உற்றுப் பார்த்தால் முட்டைகளை எண்ணிவிடலாம்.

இளசுக்கு இனப்பெயர் வைக்க அவசரப்படாதீர்கள். கூம்பைப் பார்த்து 'குரொசோப்ரைசா, இளசு' என்று பெயரின் முதற்பாதியான பேரினப் பெயரோடு எழுதி நிறுத்துவதுதான் நேர்மை. இனத்தை உறுதிசெய்வது வளர்ந்த ஆணின் வாயருகே உள்ள உணர்கால்களும் தாடை முளைகளும், பெண்ணின் வயிற்றுப்புறத்து இனப்பெருக்கத் தகடும்தான். நிறத்தை நம்பி ஒருநாளும் முடிவெடுக்கவேண்டாம்.

அளவு எழுதும்போது உடல் நீளத்தையும் கால் நீளத்தையும் கலந்துவிடுகிறார்கள். உடல் 3 முதல் 7 மில்லிமீற்றர்தான், ஆனால் ஒரு கால் 5, 6 சதமீற்றர்வரை போகும். "6 சதமீற்றர் சிலந்தி" என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் வருவது புலிமுகச் சிலந்தி என்ற மயிரடர்ந்த பெரிய சிலந்தி. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், எந்தக் கால் என்பதையும் சேர்த்து.

மாதிரியாக எடுப்பதென்றால் அகன்ற வாய்ப் போத்தல் வேண்டும். ஒடுங்கிய போத்தலுக்குள் தள்ளிய அன்று மூன்று கால்களை இழந்தேன். பேனாவால் எழுதிய துண்டை 70 வீத அற்ககோலில் போட்டதில் மை கரைந்து, எந்தச் சிலந்தி எந்த ஊர் என்று தெரியாமல் ஒரு மாரிகாலச் சேகரிப்பே வீணாயிற்று. இன்றும் மனம் வருந்துகிறது. பென்சிலால் எழுதித் துண்டைப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். அற்ககோலில் நிறம் மங்கும் என்பதால் நிறக்குறிப்பை உயிரோடு இருக்கும்போதே எழுதுங்கள். சுண்டிக்குளம், கொக்கிளாய் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக்கூடாது.

"புது இனம்" என்று அறிவிக்கும் ஆசை எனக்கு விளங்கும். மாங்குளத்துப் பழைய வைத்தியசாலையின் டாக்குத்தர் குவாட்டர்சிலும் மரங்களிலும் இருந்த புலிமுகச் சிலந்தியை பொய்சிலோதீரியா ராஜேயி என்ற புது இனமாக 2012இல் விபரித்தார்கள். ஆனால் ஆளைப் பயமுறுத்தும் அதன் பருமன் அதற்கு ஆதாரமாகவில்லை. கால்களின் அடிப்பக்க நிறக்கோலம் உட்பட ஒவ்வொன்றையும் உறவு இனங்களோடு ஒப்பிட்ட பிறகுதான் பெயர் வந்தது. பெயர் எழுதுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குரொசோப்ரைசா லையோனி (பிளாக்வால், 1867) என்பதில் உள்ள அடைப்பை விட்டுவிடக்கூடாது. 1867இல் இதை முதலில் விபரித்த பிளாக்வால் ஃபொல்கஸ் பேரினத்தில் வைத்தார், பிறகு இடம் மாறியது என்பதை அந்த அடைப்புத்தான் சொல்கிறது.

குறிப்பில் "நஞ்சுள்ளது, ஆபத்தானது" என்று கேள்விப்பட்டதை எழுதாதீர்கள். இது மனிதருக்குத் தீங்கு செய்யாது. தாய்லாந்தில் இதே இனத்தை, டெங்கு நுளம்பைப் பிடித்துத் தின்னும் சிலந்தியாக ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். மாரியில் ஒட்டறை தட்டப் போகிறவர்கள் ஒருமுறை வலையில் கிடக்கும் சக்கைகளைப் பார்க்கலாம். அங்கே கிடக்கும் நுளம்புச் சிறகும் குறிப்பில் சேரவேண்டிய தகவல்தான்.

என் மாணவி ஒருத்தி எழுதிய குறிப்பை மற்றவர்களுக்கு நான் காட்டுவதுண்டு: "வட்டக்கச்சி, ஓட்டு வீட்டுக் குசினி, வடக்குச் சுவர் மூலை, நிலத்திலிருந்து 2 மீற்றர். இரவு 7.30. வளர்ந்த பெண், தாடையில் முட்டை. உடல் 6 மில்லிமீற்றர், இடது முதற்கால் 52 மில்லிமீற்றர். முதுகுப்புறம் பின்னால் கூம்பு. கண் எட்டு. வலது நான்காம் கால் இல்லை. வலையில் நுளம்பு மூன்று, எறும்பு ஒன்று."